குறையைக் கண்டோம், காரணத்தைக் கண்டோமா?

நம் சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. "அவர் எப்போதுமே அப்படித்தான்" என்பதே அது. நெய்த துணி குறித்த நாளில் வந்து சேராவிட்டால் இச்சொல் எழுகிறது. கடன் தவணை தவறினால் எழுகிறது. பருத்தி மூட்டையில் ஈரம் மிகுந்திருந்தாலும் எழுகிறது. இச்சொல் எழுந்தவுடன் விசாரணையும் முடிந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது தீர்மானம் எழுதுவது ஒன்றுதான்.

ஒருவருடைய செயலுக்குக் காரணம் யாது என்று நாம் முடிவு செய்கின்ற முறையைப் பற்றி அங்கத்தினர்களிடம் சில சொற்கள் கூற விரும்புகிறேன். இது கல்லூரி மண்டபங்களில் பேசவேண்டிய தத்துவம், நமக்கு என்ன என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டா. ஒரு தறிக்கு நூல் கொடுப்பதா நிறுத்துவதா, ஓர் உழவருக்குத் தவணையை நீட்டுவதா வழக்குத் தொடுப்பதா என்பன யாவும் இம்முடிவைச் சார்ந்தே நிற்கின்றன. இதில் பிழை நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிடுகிறது. அத்தகைய பிழையொன்றைச் செய்தவர்களுள் நானும் ஒருவன். ஆதலால் அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கையெழுத்திட்ட தீர்மானம்

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நெசவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் நான் வயதில் இளையவனாக இருந்தேன். ஐம்பது வயதை எட்டிய நெசவாளர் ஒருவர் அச்சங்கத்திற்கு எண்பதாம் நம்பர் நூலில் வேட்டி நெய்து கொடுத்து வந்தார். அவர் கைப்பட்ட வேட்டிதான் வேண்டுமென்று கேட்டு வாங்கும் வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். அத்தகையவருடைய துணியில் குறைகள் தோன்றலாயின. பாவில் அறுந்த இழையை முடியாமலே நெய்துகொண்டு போயிருப்பார். துணியில் நெடுகக் கோடு விழுந்திருக்கும். முதன்முறை எச்சரித்தோம். அடுத்த முறை கூலியில் பிடித்தம் செய்தோம். அவர் காரியதரிசியிடம் வந்து, "நூல் முன்போல் இல்லை, மட்டமாக வருகிறது" என்று முறையிட்டார். எங்களுக்குச் சினம் மூண்டது. மற்றத் தறிகளுக்கும் அதே நூல்தானே போகிறது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று குழுவில் ஒருவர் சொல்ல, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மகன் வெளியூரில் சம்பாதித்து அனுப்புகிறான், ஆதலால் இவருக்குத் தொழிலில் அக்கறை போய்விட்டது என்று காரணமும் கற்பித்துக்கொண்டோம். மூன்று மாதங்களுக்கு அவருக்கு நூல் நிறுத்துவது என்று தீர்மானம் எழுதினோம். நானும் கையெழுத்திட்டேன்.

அவர் எங்களோடு வாதாடவில்லை. தனியார் முதலாளி ஒருவரிடம் கூலிக்கு நெய்யப் போய்விட்டார். மூன்று மாதங்கள் கழிந்தன; அவர் திரும்பி வரவில்லை. ஏறத்தாழ ஈராண்டுகளுக்குப் பின் கடைத்தெருவில் அவரைச் சந்தித்தேன். மூக்குக் கண்ணாடி அணிந்திருந்தார். ஊருக்கு வந்த கண் மருத்துவ முகாமில் பரிசோதித்துக்கொண்டாராம். வெள்ளெழுத்து என்று சொல்லிக் கண்ணாடி கொடுத்தார்களாம். நான் நலம் விசாரித்தேன். அவர் அமைதியாகவே சொன்னார்:

"தம்பி, நீங்கள் எனக்கு அக்கறை இல்லை என்றீர்கள். நான் நூல் மட்டம் என்றேன். இரண்டும் இல்லை. அறுந்த இழை என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை."

அன்று நான் மறுமொழி சொல்ல இயலாமல் நின்றேன். அவர் வீடு எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. விளக்கேற்றும் நேரத்தில் எவரேனும் ஒருவர் போய் அவர் தறியருகே கால் நாழிகை உட்கார்ந்திருந்தால், அவர் இழையைத் தேடி அச்சின்மேல் குனிவதைக் கண்டிருப்போம். ஒருவரும் போகவில்லை. காரணம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நாங்கள் நம்பியதே அதற்குக் காரணம்.

இது எங்கள் சங்கத்தில் மட்டும் நிகழ்ந்த தனி நிகழ்ச்சி அன்று. நாற்பது வயதைக் கடந்தால் அண்மையிலுள்ள பொருள் மங்குவது எவர்க்கும் இயல்பு. அஸ்ஸாம் மாநிலத்தில் நாற்பதும் அதற்கு மேலும் வயதுள்ள 751 தேயிலைத் தொழிலாளர்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சியொன்று 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு உடனே கண்ணாடி கொடுத்தனர். மற்றவர்களுக்கு ஆராய்ச்சி முடிந்த பின்னரே கொடுத்தனர். கண்ணாடி பெற்றவர்கள் நாளொன்றுக்குப் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட நூற்றுக்கு ஏறக்குறைய 22 பங்கு மிகுதியாக உயர்ந்தது. கண்ணாடிக்கு முன்னர் அவர்களுள் எத்தனை பேர் மேஸ்திரியிடம் மந்தமானவர் என்று பெயர் வாங்கியிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டு அளவுகோல்கள்

நமக்குள் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. பிறர் தவறினால் அவருடைய குணத்தை அளக்கிறோம். நாம் தவறினால் நம்மைச் சூழ்ந்த நிலைமையை அளக்கிறோம். பக்கத்து வயல்காரர் தவணை கட்டாவிட்டால் அவர் பொறுப்பில்லாதவர். நாம் கட்டாவிட்டால் மழை பொய்த்துவிட்டது. பக்கத்துத் தறிக்காரர் துணியைத் தாமதமாகக் கொண்டுவந்தால் அவர் சோம்பேறி. நாம் தாமதித்தால் வீட்டில் நோய். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்ற நம் பெரியோர் இதனை நன்கு உணர்ந்தே சொல்லியிருக்கிறார்கள்.

மேல்நாட்டு மனநூல் வல்லுநர்களும் இதனை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஃபிரிட்ஸ் ஹைடர் என்பார் 1958-இல் வெளியிட்ட நூலில், மனிதன் பிறர் செயலுக்குக் காரணம் கற்பிக்கும் வகையை விரிவாக எடுத்துரைத்தார். ஒரு செயலுக்குக் காரணம் செய்தவனுக்குள்ளும் இருக்கலாம், அவனுக்கு வெளியிலும் இருக்கலாம். பார்ப்பவன் கண்ணை நிறைப்பது செய்தவனும் செயலுமே, ஆதலால் வெளியிலுள்ள காரணம் மறைந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. பின்னர் 1977-இல் லீ ராஸ் என்பார் இதற்கு அடிப்படைக் காரணப் பிழை என்ற பொருள்படப் பெயரிட்டார். நிலைமையின் வலிமையைக் குறைத்தும், குணத்தின் வலிமையை மிகுத்தும் மதிப்பிடுவதே அப்பிழை.

நிலைமைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்தில் சமயப் பணிக்குப் பயின்றுகொண்டிருந்த நாற்பது மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்று சொற்பொழிவாற்றுமாறு அனுப்பினர். வழியில் ஒருவன் இருமிக்கொண்டு சோர்ந்து கிடக்குமாறு முன்னரே ஏற்பாடு செய்திருந்தனர். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுள் நூற்றுக்கு 63 பேர் அவனுக்கு உதவ முன்வந்தனர். நேரம் கடந்துவிட்டது, விரைந்து செல்க என்று அனுப்பப்பட்டவர்களுள் நூற்றுக்கு 10 பேரே உதவினர். அவர்களுள் ஒரு சாரார் பேசச் சென்ற பொருளோ, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்லவனைப் பற்றிய விவிலியக் கதை! 1973-இல் வெளிவந்த இச்சோதனை சிறியது. அது ஒன்றைக் கொண்டே உலகத்தை அளந்துவிட முடியாது. எனினும் விரைந்து சென்றவனைக் கண்ட எவரும் இவன் நெஞ்சில் இரக்கமே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். நெஞ்சில் என்ன இருந்தது என்பதைவிடக் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதே அங்கு மிகுதியாக வேலை செய்தது.

இந்நூலோர் கூறுவன எல்லாவற்றையும் அப்படியே கொள்ளவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனக்கு ஓர் அளவு, பிறர்க்கு ஓர் அளவு என்னும் வேறுபாடு எல்லாச் செயல்களிலும் காணப்படுவதில்லை என்று 173 ஆராய்ச்சிகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்து 2006-இல் ஒருவர் காட்டினார். ஆனால் தீமையும் தோல்வியும் நேரும்போது அவ்வேறுபாடு தலைதூக்கவே செய்கிறது என்றும், நன்மை நேரும்போது அது தலைகீழாகிறது என்றும் அவரே கண்டார். நமது நிர்வாகக் குழுக்களின் முன் வருபவையோ பெரும்பாலும் தவறுகளே. நன்மையில் தலைகீழாவதற்கும் நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. சங்கம் லாபம் காட்டிய ஆண்டில் ஆண்டறிக்கை, நிர்வாகத் திறமையைக் காரணம் கூறும். நஷ்டம் வந்த ஆண்டில் அதே அறிக்கை, சந்தை மந்தத்தைக் காரணம் கூறும்.

இது நமக்கு விதிக்கப்பட்டதா?

இங்கு நமக்கு ஊக்கமளிக்கும் செய்தி ஒன்று உண்டு. ஜோன் மில்லர் என்னும் அம்மையார் அமெரிக்காவில் சிகாகோவிலும் நம் நாட்டில் மைசூரிலும் பெரியவர்களையும் சிறுவர்களையும் சந்தித்து, தமக்குத் தெரிந்த ஒருவர் செய்த நற்செயலையும் தீச்செயலையும் சொல்லி அவற்றுக்குக் காரணமும் கூறுமாறு கேட்டார். அதன் முடிவுகள் 1984-இல் வெளிவந்தன. அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தையே மிகுதியாகக் காரணம் கூறினர். மைசூர்ப் பெரியவர்களோ உறவு, கடமை, சூழ்நிலை ஆகியவற்றை மிகுதியாகக் கூறினர். ஆனால் எட்டு வயதுச் சிறுவரிடையே இவ்வேறுபாடு பெரிதாக இல்லை. வயது ஏற ஏறவே அது வளர்ந்தது.

இதனால் விளங்குவது யாது? காரணம் காணும் முறை பிறவியில் வருவதன்று. வளர வளரக் கற்றுக்கொள்வது. நம் ஊர்களில் ஒருவர் செயலைக் கேட்டவுடன், அவர் வீட்டு நிலைமை என்ன, யாருக்குக் கட்டுப்பட்டவர், எந்தச் சங்கடத்தில் இருந்தார் என்று வினவும் பழக்கம் இருந்தது. பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. திண்ணையில் அவ்வாறு வினவுகின்ற நாமே, குழுக் கூட்டத்தின் நாற்காலியில் அமர்ந்து கணக்கேட்டைப் பிரித்தவுடன் அதனை மறந்துவிடுகிறோம். ஏட்டில் பெயரும் பாக்கியும் மட்டுமே இருக்கின்றன. சூழ்நிலைக்கு அங்கே பத்தி ஒதுக்கப்படவில்லை.

பருத்தி உழவர் கண்ட உண்மை

உழவர் கடனைப் பற்றிப் பேசும்போது, கல்யாணத்திற்கும் திருவிழாவிற்கும் ஊதாரித்தனமாகச் செலவழித்துக் கெட்டார்கள் என்று கூறும் வழக்கம் பழமையானது. இதனை ஒரு பெரிய நிகழ்ச்சி சோதித்துப் பார்த்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அந்நாட்டுப் பருத்தி வரவில்லை. பம்பாய் மாகாணத்துப் பருத்திக்கு விலை ஏறிற்று. லேவாதேவிக்காரர்கள் தாராளமாகக் கடன் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் விலை சரிந்தது, கடன் கொடுத்த கை மூடிக்கொண்டது. அதே காலத்தில் நிலவரியும் உயர்த்தப்பட்டது. 1875 மே மாதம் புனா மாவட்டத்துச் சூபா என்னும் சந்தை ஊரில் உழவர்கள் திரண்டெழுந்தனர். அங்கிருந்து அயல் ஊர்களுக்கும் அகமத்நகர் மாவட்டத்திற்கும் கலகம் பரவிற்று. அவர்கள் பெரிதும் தேடியவை கடன் பத்திரங்களும் கணக்கு ஏடுகளுமே, கிடைத்தவற்றைத் தீயிலிட்டனர்.

இதனை விசாரிக்க அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. கல்யாணச் செலவே உழவனைக் கடனாளியாக்கிற்று என்பதற்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. அச்செலவு கடனில் ஒரு கூறாக இருக்குமேயன்றிக் கடனின் கருவாக இருப்பது அரிது என்று அக்குழு கண்டது. கணக்குகளை எடுத்துப் பார்த்ததால் கிடைத்த முடிவு அது. தொலைவில் நின்று பார்த்தவர் கண்ணில் மேளமும் பந்தலும் பட்டன. சரிந்த விலையும் ஏறிய வட்டியும் படவில்லை.

ஆயினும் அக்குழுவும் முழுமையாகத் தப்பவில்லை. வரியின் சுமை கலகத்திற்குக் காரணமன்று என்று கூறி, பழியை லேவாதேவிக்காரர் தலையில் வைத்தது. அரசாங்கம் அமைத்த குழு அரசாங்கத்தின் செயலை அளக்க நேர்ந்தபோது அளவுகோல் மாறிவிட்டது. தன்னைத் தான் அளக்கும்போது கை நடுங்குவது எளிய மனிதர்க்கு மட்டும் உரிய குறையன்று.

நம் கரும்பு உழவரிடம் கண்டது

நம் மாநிலத்திலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களைப் பற்றி 2013-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. கரும்பு உழவருக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டு முடிந்த பின்னரே வருகிறது. வெட்டுக்கு முன்னர் நூற்றுக்கு 78 பேர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். வெட்டுக்குப் பின்னர் அவ்வாறு வைத்திருந்தவர் நூற்றுக்கு 4 பேரே. அறிவுக் கூர்மையையும் கவனத்தையும் அளக்கும் சோதனைகளை அதே உழவர்களுக்கு இரு காலங்களிலும் கொடுத்துப் பார்த்தனர். பணமுடை நிறைந்த காலத்தில் அவர்கள் குறைவாகவும், பணம் வந்த பின்னர் மேலாகவும் தேறினர்.

மனிதர் அவரே, அறிவும் அதுவே. ஒரு பருவத்தில் அவரைப் பார்த்தவர், கணக்கு வழக்குத் தெரியாதவர், மறதிக்காரர் என்று எழுதிவைப்பார். மற்றொரு பருவத்தில் பார்த்தவர் விவரம் அறிந்தவர் என்று எழுதிவைப்பார். மனத்தில் கடன் கனக்கும்போது மற்றவற்றிற்கு அங்கு இடம் குறைகிறது என்பது அந்த ஆராய்ச்சியாளர்களின் விளக்கம். இவ்விளக்கத்தைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் இல்லாமல் இல்லை. ஆயினும் தவணை தவறியவரின் வீட்டு வாசலில் நின்றிருக்கிற எவரும் இதில் உண்மை இருப்பதை உணர்வார். கடன் விண்ணப்பத்தில் ஒரு காகிதம் குறைந்துவிட்டது என்பதற்காக ஒருவரை அக்கறையற்றவர் என்று முடிவு கட்டுமுன், அவர் அதனைக் கொண்டுவந்தது எந்த மாதத்தில் என்பதையும் பார்க்கவேண்டும்.

கூட்டுறவின் அடித்தளம்

மற்ற எந்த நிறுவனத்தைவிடவும் கூட்டுறவுச் சங்கத்திற்கு இப்பொருள் இன்றியமையாதது. சென்னை அரசாங்கத்தின் பணிப்பின்படி ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பிய நாட்டுச் சங்கங்களை ஆராய்ந்து, 1895 முதல் தம் அறிக்கையை வெளியிட்டார். ஜெர்மனியில் ரைஃபைசன் வகுத்த முறையே நம் ஊர்களுக்கு ஏற்றது என்பது அவர் கண்ட முடிவு. அதன்பின் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ரைஃபைசன் முறையின் உயிர் யாது? சங்கம் சிறிய எல்லைக்குள் இருக்கவேண்டும். ஒருவரை ஒருவர் அறிந்திருக்கவேண்டும். நிலமும் நகையும் இல்லாதவருக்கும் அவருடைய நாணயமே ஈடாக நிற்கவேண்டும் என்பதே.

ஆகவே ஒருவரின் குணத்தை மதிப்பிடுவது நம் சங்கங்களுக்குத் தவறான வேலையன்று. அதுவே அடிப்படையான வேலை. அதனால்தான் அதனை அவசரமாகச் செய்யக் கூடாது என்கிறேன். எடைக்கல்லில் பிழை இருந்தால் வியாபாரம் முழுவதும் பிழையாகும். ரைஃபைசன் சொன்னது அண்டை வீட்டாரை அறிந்திருத்தல். அவரைப் பற்றி ஒரு சொல்லைக் கேட்டிருத்தல் அறிதல் ஆகாது. தூரத்து வங்கி ஒரு கையெழுத்தையும் ஓர் எண்ணையும் மட்டுமே பார்க்கும். அதற்கு வேறு வழியில்லை. இரண்டு தெரு நடந்துபோய்ப் பார்க்க முடிந்த நாமும் அவ்வாறே செய்தால், நாம் ஏன் சங்கமாக இருக்கவேண்டும்?

குற்றத்திற்கு மன்னிப்புச் சீட்டா?

"இவ்வாறு ஒவ்வொருவருக்கும் சூழ்நிலையைக் காரணம் காட்டினால் எவர்தாம் பொறுப்பேற்பர்? ஏமாற்றுபவர் அனைவரும் ஏழைமையைச் சொல்லித் தப்பிக்கமாட்டார்களா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. வேண்டுமென்றே நூலை வெளியில் விற்பவரும் உளர். பருத்தியில் நீர் தெளித்து எடை ஏற்றுபவரும் உளர். அவர்களைப் பொறுத்துக்கொண்டிருப்பது நேர்மையாக உழைக்கும் அங்கத்தினருக்குச் செய்யும் துரோகம். நான் வேண்டுவது மன்னிப்பன்று, விசாரணை. ஹெரால்டு கெல்லி என்பார் 1967-இல் எழுதிய கட்டுரையிலிருந்து நாம் மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது: இதே நிலைமையில் பிறர் எவ்வாறு நடந்துகொண்டனர்? கார்த்திகை மாதத்தில் ஒருவர் துணி தாமதமாயிற்று என்றால், அத்தெருவில் மற்றவர் துணியும் தாமதமாயிற்றா என்று பாருங்கள். அடைமழையில் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்ட பாவு உலராது. தாழ்ந்த வீடுகளின் தறிக்குழியில் நீர் ஊறிவிடும். பத்துத் தறியும் தாமதித்திருந்தால் பத்துச் சோம்பேறிகள் ஒரே நாளில் தோன்றிவிட்டனர் என்று கொள்வது அறிவாகாது.

இரண்டாவது: இவர் இவ்வொரு காரியத்தில் மட்டும் தவறுகிறாரா, எல்லாக் காரியங்களிலுமா? கடைக்காரர் பாக்கி, பள்ளிக்கூடச் சம்பளம், கோயில் வரி ஆகியவற்றையெல்லாம் ஒழுங்காகக் கட்டிச் சங்கக் கடனை மட்டும் கட்டாதவர் ஒரு வகை. எதையும் கட்ட முடியாமல் தவிப்பவர் வேறு வகை. சாதாரண வேட்டியைக் குறையின்றி நெய்து, புதிய கரையிட்ட சேலையில் மட்டும் தடுமாறுபவருக்குத் தேவைப்படுவது தண்டனையன்று, பயிற்சி.

மூன்றாவது: இது எப்போதும் நிகழ்வதா, இப்போது மட்டுமா? முப்பது ஆண்டுகள் நன்றாக நெய்தவர் இவ்வாண்டு தவறினால், மாறியது என்ன என்று தேடவேண்டும். குணம் ஒரே பருவத்தில் மாறிவிடுவது அரிது. உடம்பும் குடும்பமும் கைவசமுள்ள பொருளும் மாறுவது எளிது.

பிறர் எவரும் தவறாத இடத்தில், எல்லாக் காரியங்களிலும், எல்லாக் காலங்களிலும் ஒருவர் தவறுகிறார் என்றால், காரணம் அவரிடமே இருக்கிறது என்று கொள்ளலாம். அப்போதும் ஒரு வினா எஞ்சி நிற்கும். அவரிடம் இருப்பது விருப்பமா, இயலாமையா? எங்கள் நெசவாளருடைய காரணம் அவரிடமே இருந்தது. ஆனால் அது அவர் குணத்தில் இல்லை, கண்ணில் இருந்தது. மூன்றாவது கேள்வியை மட்டும் நாங்கள் கேட்டிருந்தாலும் அவரை இழந்திருக்கமாட்டோம்.

செய்யத்தக்கது

இதனை ஓர் உபதேசமாக விட்டுவிட நான் விரும்பவில்லை. எந்த அங்கத்தினருக்கும் நூலை நிறுத்தவோ, கூலியைப் பிடிக்கவோ, கடனை மறுக்கவோ தீர்மானம் எழுதுமுன், குழுவினர் இருவர் அவர் தறிக்கோ வயலுக்கோ நேரில் செல்லட்டும். அவர் கூறும் காரணத்தை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளட்டும். மேற்கூறிய மூன்று கேள்விகளுக்கும் விடையைத் தீர்மானப் புத்தகத்தில் பதியட்டும். அதன் பின்னரும் ஏமாற்று என்று தெளிந்தால் தயங்காமல் நடவடிக்கை எடுக்கட்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு மாலைப் பொழுது போதும். நோய்க்கு மருந்து கொடுக்குமுன் அதன் மூலத்தைத் தேடுமாறு வள்ளுவர் மருத்துவனுக்குக் கூறினார். தண்டனை கொடுக்கும் கைக்கும் அவ்வறிவுரை பொருந்தும்.

அங்கத்தினருக்கும் ஒரு வார்த்தை. காரியதரிசி பணம் தரத் தாமதித்தால் அவர் விழுங்கிவிட்டார் என்று தெருவில் பேசுமுன், மேலிடத்திலிருந்து பணம் வந்ததா என்று கேட்டறியுங்கள். நூலில் குறை கண்ட நெசவாளர் பருத்தி விளைவித்தவரைப் பழிக்குமுன், பஞ்சு எடுக்கும் காலத்தில் அங்கே மழை பெய்ததா என்று நினைத்துப் பாருங்கள். நமக்கு எந்த அளவுகோலை நாம் விரும்புகிறோமோ அதனையே பிறர்க்கும் எடுத்தல் வேண்டும்.

அந்த நெசவாளர் எங்கள் சங்கத்திற்குத் திரும்பவே இல்லை. திரும்பி வருமாறு நான் பின்னர் அழைத்தபோது, "இருக்கட்டும் தம்பி" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதற்குமேல் வற்புறுத்த வாய் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் உங்கள் முன் ஒரு பெயர் வரும். "அவர் எப்போதுமே அப்படித்தான்" என்று யாரேனும் சொல்வார். அப்போது உங்களுள் ஒருவர் எழுந்து, "நாம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்று சொல்லவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.